அட்லாண்டிக்கைக் கடந்த இரு பயிர்கள்: மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும்

1492இல் கொலம்பஸ் கரீபியத் தீவுகளை அடைந்தபின் ஐரோப்பாவுக்கு வந்த பயிர்களில் மக்காச்சோளம் விரைவாகவும், ஆண்டிஸ் மலைகளின் உருளைக்கிழங்கு தாமதமாகவும் வேரூன்றின. மெக்சிகோ மக்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து உண்டதால் அதிலுள்ள நியாசின் என்னும் வைட்டமின் சத்து உடலில் சேர்ந்தது. தானியத்தை மட்டும் ஏற்றுக்கொண்டு அந்தப் பக்குவத்தைக் கைவிட்ட வட இத்தாலியின் ஏழை உழவர்களை, நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய் வாட்டியது. உருளைக்கிழங்குக்கு அத்தகைய பக்குவம் தேவைப்படவில்லை. குளிர்ந்த, வளம் குன்றிய மண்ணிலும் அது விளைந்தது. ஆனால் ஆண்டிஸ் உழவர்கள் பல வகைகளைக் கலந்து பயிரிட்டிருக்க, அயர்லாந்தின் ஏழைகளோ பெரும்பாலும் ‘லம்பர்’ என்னும் ஒரே வகையை நம்பியிருந்தனர். 1845இல் கருகல் நோய் தாக்கியதால் தொடங்கிய பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டனர் (அப்போதும் அங்கிருந்து தானியம் ஏற்றுமதியானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்). ஐரோப்பாவைப் பொறுத்தவரை உருளைக்கிழங்கையே மேலானதென்பேன்; ஆப்பிரிக்காவின் வெப்பமான சமவெளிகளுக்கு மக்காச்சோளமே பொருந்தியது.