ஆட்டோமேட்டிக்கை மேனுவலாக மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் உஷார்

பழைய ஆட்டோமேட்டிக் காரில் கியர் பாக்ஸ் போய்விட்டால், "அதை எதுக்கு சார் ரிப்பேர் பண்ணிக்கிட்டு, மேனுவலா மாத்திடலாம், அப்படியே உட்காரும்" என்று ஆசை காட்டும் ஒர்க்‌ஷாப்புகள் இருக்கின்றன. அப்படி ஒன்றில் வண்டியைக் கொடுத்து நான் படும் பாட்டை எழுதுகிறேன். விவகாரம் இன்னும் முடியாததால் பெயர் போடவில்லை.

மாற்றவே கூடாது என்று சொல்ல வரவில்லை. அதே மாடலில் மேனுவலும் வந்திருந்து, அதன் உதிரிகள் முழு செட்டாகக் கிடைத்து, பொறுமையான மெக்கானிக்கும் அமைந்தால் நன்றாகவே ஓடும். ஆனால் அது வெறும் கியர் பாக்ஸ் மாற்றும் வேலை இல்லை. கிளட்ச் பெடல், மாஸ்டர் சிலிண்டர், ஃப்ளைவீல் (எஞ்சின் முனையில் சுற்றும் கனமான சக்கரம்), ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், வயரிங் என்று எல்லாவற்றிலும் கை வைத்தாக வேண்டும். இதையெல்லாம் கேட்டபோது "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றார்கள்.

வண்டி கைக்கு வந்த கொஞ்ச நாளில் நடந்தது இது. கியரில் போட்டு நிறுத்தியிருந்தேன். பவர் விண்டோவை ஏற்றலாம் என்று தம்பி வெளியில் நின்றபடியே கையை விட்டுச் சாவியைத் திருப்பினான். சாவி கொஞ்சம் கூடுதலாகத் திரும்பியதும் வண்டி ஒரு துள்ளு துள்ளி கேட்டில் போய் முட்டியது. அவன் முன்னால் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆட்டோமேட்டிக் வண்டி பார்க்கிலோ நியூட்ரலிலோ இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும். அதற்கான ஸ்விட்ச் பழைய கியர் பாக்ஸோடு போய்விட்டது. அந்த இரண்டு வயரையும் முறுக்கி டேப் சுற்றிவிட்டார்கள். ஃபோன் செய்தால், "மேனுவல் வண்டின்னா அப்படித்தான் சார்" என்கிறார் ஓனர். ரொம்பப் பழைய மேனுவல் வண்டிகளில் சரி. என் மாடலின் மேனுவலில் கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும். அவர்கள் மாட்டிய பெடலிலேயே அந்த ஸ்விட்ச் இருக்கிறது, வயர்தான் கொடுக்கவில்லை.

இதற்குள் கிளட்ச் விடும்போது உதறல், ஐடிலில் டக் டக் சத்தம். வேறு ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் கியர் பாக்ஸை இறக்கினோம். மனிதர் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஆட்டோமேட்டிக்கில் கிளட்சுக்குப் பதிலாக எஞ்சின் சக்தியை கியர் பாக்ஸுக்குக் கடத்துவது டார்க் கன்வெர்ட்டர். அதைத் தாங்குவது ஒரு மெல்லிய தகடு. அந்தத் தகட்டின் போல்ட்டுகள் குட்டையாக இருக்கும். கனமான ஃப்ளைவீலை அதே போல்ட்டுகளில் மாட்டியிருந்தார்கள். நான்கைந்து மரைதான் பிடித்திருந்தது, அதிலும் இரண்டு போல்ட்டுகள் கையாலேயே சுழன்றன. ஓடும் வேகத்தில் ஃப்ளைவீல் கழன்றால், அதை மூடியிருக்கும் உறையான பெல் ஹவுசிங்கோடு நிற்காது. கிராங்க் (எஞ்சினின் சுழலும் தண்டு) முனையில், கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்க இருக்க வேண்டிய பைலட் பேரிங் இல்லை. ஆட்டோமேட்டிக் எஞ்சினில் அது பெரும்பாலும் இருக்காது, நாம்தான் போட வேண்டும். எஞ்சினையும் கியர் பாக்ஸையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தும் டோவல் பின்னில் ஒன்றைக் காணோம். அதனால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பல் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. பில்லில் "புது கிளட்ச் செட்" என்று இருக்கிறது. அந்த செட்டில் ஒன்றான பிரஷர் பிளேட்டிலோ சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது, புதிதில் அப்படி இருக்காது.

ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுவது, ரிவர்ஸ் லைட் எரியாதது எல்லாம் சில்லறை விஷயம், விடுங்கள்.

எனக்கு ஆத்திரம் வந்தது வேறு இடத்தில். எஞ்சின் கம்ப்யூட்டர் இன்னும் ஆட்டோமேட்டிக் பாக்ஸைத் தேடிக்கொண்டே இருந்திருக்கிறது. செக் எஞ்சின் விளக்கு எரிந்திருக்க வேண்டும், எரியவில்லை. மீட்டரைக் கழற்றினால் அந்த பல்பின் மேல் கறுப்பு டேப்! தெரியாமல் செய்த வேலையை மன்னிக்கலாம், இது தெரிந்தே செய்தது. உங்கள் வண்டியில் பார்க்க ஒரு வழி உண்டு: சாவியை ஆன் செய்ததும் அந்த விளக்கு ஒரு தடவை எரிய வேண்டும், எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியவில்லை என்றால் பல்ப் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

வேலை கொடுப்பதானால், கியர் பாக்ஸை ஏற்றும் முன்பு ஃப்ளைவீல் போல்ட்டையும் பைலட் பேரிங்கையும் காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றிவிட்டால் எதுவும் தெரியாது. ஸ்டார்ட்டர் வயரை எங்கே கொடுக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள், அந்தப் பதிலிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். பழைய பாக்ஸையும் டார்க் கன்வெர்ட்டரையும் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். என்னுடையதை என்னைக் கேட்காமலே ஸ்கிராப்புக்குப் போட்டுவிட்டார்களாம், அதனால் பழையபடி ஆட்டோமேட்டிக்காக மாற்றவும் வழியில்லை.

வண்டி இப்போது இரண்டாவது ஒர்க்‌ஷாப்பில், சரியான நீளத்தில் போல்ட் வருவதற்காக நிற்கிறது. பாதிப் பணம் திருப்பித் தருவதாக முதல் ஒர்க்‌ஷாப் ஓனர் சொன்னார். அதை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டதிலிருந்து ஃபோனை எடுப்பதில்லை.