தள்ளிப்போடும் பழக்கம்: டைமரா, முன்கூட்டியே எழுதிய ஒரு வரியா, கூட வரும் ஆளா?

தள்ளிப்போடும் பழக்கத்துக்கு என்ன மருந்து என்று கோத்தகிரிப் பக்கம் கேட்டால் முதலில் வரும் பதில், "காலையில் நாலு மணிக்கு எழுந்து உட்காரு, எல்லாம் தானாக நடக்கும்" என்பதுதான். இதை நான் ஆரம்பத்திலேயே கழித்துவிடுகிறேன். டிசம்பர், ஜனவரியில் நீலகிரியின் பள்ளமான இடங்களில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். தலைகுந்தா பக்கம் குளிர் பூஜ்ஜியத்தைத் தொடும். அந்த நேரத்தில் கம்பளியை விட்டு வெளியே வருவதே ஒரு வேலை. ஒரு வேலையைத் தொடங்கத் திணறுகிறவருக்கு இன்னொரு வேலையையும் சேர்த்துக் கொடுப்பதில் என்ன பயன்?

மற்ற வழிகளை ஒப்பிடுவதற்கு முன், தள்ளிப்போடுகிறவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்வதை நிறுத்த வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. கொழுந்து வந்துவிட்டால் அவர் ஒரு நாள்கூட விடமாட்டார். சாரல் அடித்தாலும் இடுப்பில் பிளாஸ்டிக் சாக்கைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். பறிக்கும் ரவுண்டு தவறினால் கொழுந்து முற்றிக் கரட்டு இலையாகிவிடும், பேக்டரியில் விலையைக் குறைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அதே அக்கா, மாமனார் பெயரிலேயே இருக்கும் பட்டாவை மாற்றும் வேலையை வருஷக்கணக்காக ஒத்திப்போட்டு வந்தார். மூலப்பத்திரம், இறப்புச் சான்று, பழைய வரி ரசீது எல்லாம் ஒரு மஞ்சள் பைக்குள், பீரோ மேலே. "அந்தப் பையைப் பார்த்தாலே வயித்தைப் பிசையுது தம்பி" என்பார். ஏதாவது ஒரு காகிதம் இல்லையென்று திருப்பி அனுப்புவார்களோ, கொழுந்தனார் ஏதாவது சொல்வாரோ என்ற பயம்.

உளவியலாளர்கள் சொல்வதும் இதைத்தான். ஃபுஷியா சிராய், டிமோதி பிச்சில் இருவரும் 2013இல் எழுதிய கட்டுரையில், தள்ளிப்போடுவதை நேர நிர்வாகக் கோளாறாகப் பார்க்கவில்லை. ஒரு வேலை கிளப்பும் பயம், சலிப்பு, குழப்பம் ஆகியவற்றிலிருந்து இந்த நிமிஷத்துக்கு மட்டும் தப்பிக்கும் வழி அது என்றார்கள். பையை மறுபடி பீரோ மேல் வைத்ததும் மனசு லேசாகிறது. அந்த நிம்மதிதான் அடுத்த முறையும் அதையே செய்ய வைக்கிறது.

கொழுந்துக்கு ஒரு நேரம் உண்டு, எடை போட வண்டி வந்து நிற்கும், விட்டால் நட்டம் கண்ணுக்குத் தெரியும். பட்டாவுக்கு இதில் எதுவுமே இல்லை. ஆகவே எந்த முறை இந்த மூன்றில் ஒன்றையாவது கொண்டுவந்து சேர்க்கிறது என்பதே என் அளவுகோல்.

டைமரை எடுத்துக்கொள்வோம். இத்தாலியில் மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரிலோ, 1980களின் கடைசியில் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றை வைத்துத் தொடங்கியது இது. 25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ஓய்வு, நான்கு சுற்று முடிந்தால் நீண்ட ஓய்வு. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. 200 கேள்விகளில் 100 தமிழ், 75 பொது அறிவு, மீதி 25 கணக்கும் திறனறிவும். பிடித்த தமிழையே திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, கணக்கை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளுகிறவர்கள் நிறையப் பேர். "தனிவட்டி முழுவதையும் முடிக்கணும்" என்றால் மலைப்பாக இருக்கும், "25 நிமிஷம் மட்டும் போடுவோம்" என்றால் கை பேனாவை எடுக்கும். சலிப்பூட்டும் மேஜை வேலைக்கு இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் போனை டைமராக வைத்தால் காரியம் கெடும். ஒரு சின்ன அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்வது நல்லது.

டைமரின் பெரிய குறை வேறு. அதை எப்போது அழுத்த வேண்டும் என்று அது சொல்லாது. அழுத்துவதையே தள்ளிப்போடலாம். வீட்டைவிட்டுக் கிளம்பி, பஸ் பிடித்து, ஆபீஸில் ஆளைப் பார்க்க வேண்டிய வேலைக்கு 25 நிமிஷக் கணக்கு உதவவும் உதவாது.

அங்கேதான் இரண்டாவது முறை முந்துகிறது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல வருஷம் ஆராய்ந்தது: "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே ஒரே வரியில் முடிவெடுத்து வைப்பது. 1997இல் வெளியான ஓர் ஆய்வில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் எப்படிப் போனது என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டார்கள். எங்கே, எப்போது எழுதுவோம் என்று முன்பே குறித்துக்கொண்டவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் நேரத்துக்குள் எழுதினார்கள். குறித்துக்கொள்ளாதவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். அப்புறம் 2006இல் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் பலன் கணிசமாகவே இருந்தது.

மலையில் வாழ்கிறவர்கள் இதில் ஒரு திருத்தம் செய்துகொள்ள வேண்டும். மணியை நம்பாதீர்கள். மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழுந்தால் பஸ் வராது, மூடுபனி இறங்கினால் வண்டி ஊர்ந்துதான் வரும். "செவ்வாய் காலை பத்து மணிக்கு" என்று எழுதினால் பத்தரை ஆனதும் "இன்னிக்கு அவ்வளவுதான்" என்று மனசு தப்பித்துவிடும். எப்படியும் நடக்கப்போகும் ஒரு காரியத்தோடு முடிச்சுப் போடுங்கள். அக்காவுக்கு மாதாமாதம் இலைப் பணம் வரும், அதை எடுக்க அவர் கோத்தகிரிக்குப் போகாமல் இருக்கமாட்டார். தேதி கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் நாங்கள் எழுதியது இதுதான்: "இலைப் பணம் எடுத்துவிட்டு பேங்கை விட்டு வெளியே வந்ததும், நேரே இ-சேவை மையம். என்னென்ன காகிதம் வேண்டும் என்று மட்டும் கேட்பது." விண்ணப்பம் போடுவதைப் பற்றி ஒரு சொல்கூட அதில் இல்லை. போனார், கேட்டார். முதலில் வாரிசு சான்றிதழ் வாங்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்று மாலையே அடுத்த வரியை எழுதினோம். ஒரு நேரத்தில் ஒரு வரிதான். பத்து வரி எழுதினால் அதுவும் இன்னொரு மஞ்சள் பை ஆகிவிடும்.

கூட ஆள் சேர்த்துக்கொள்வது மூன்றாவது. இதில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. ஊருக்கெல்லாம் அறிவிப்பது ஒன்று, ஒருவர் நமக்காகக் காத்து நிற்பது இன்னொன்று. "அடுத்த குரூப் 4 நமதே" என்று ஸ்டேட்டஸ் வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 2009இல் கோல்விட்சரின் குழுவே வெளியிட்ட ஆய்வில், தாங்கள் என்னவாகப் போகிறோம் என்ற நோக்கம் மற்றவர் கவனத்துக்கு வந்துவிட்ட மாணவர்கள் அதற்காகக் குறைவாகவே உழைத்தார்கள். பாதி ஆகிவிட்ட நிறைவு அப்போதே கிடைத்துவிடுகிறது. ஆனால் பஸ் ஸ்டாப்பில் ஒரு தோழி குடையோடு நிற்கிறாள் என்றால் கதையே வேறு. பேக்டரி வண்டி செய்கிற வேலையை அவள் செய்கிறாள். பயம் காரணமாகத் தள்ளிப்போகும் வேலைக்கு, அதாவது ஆபீஸ், ஆஸ்பத்திரி, கடன் கொடுத்தவரிடம் பேசுவது போன்றவற்றுக்கு, இதைத்தான் முதலில் வைப்பேன். படிப்புக்கு வேண்டாம், இரண்டு பேர் சேர்ந்தால் டீக்கடையில் போகும் நேரம் அதிகம்.

நம் வீடுகளில் அதிகம் பயன்படும் வழி ஒன்று பாக்கி இருக்கிறது: திட்டுவது. வீட்டில் திட்டுவார்கள், நாமும் உள்ளுக்குள் நம்மைத் திட்டிக்கொள்வோம். இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் கடைசியில் வைக்கிறேன். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வில் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். வேலையைப் பார்த்தாலே வரும் வேதனைதான் நோய் என்றால், திட்டு அந்த வேதனையைத்தான் கூட்டும். வீட்டில் படிக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் "எந்த இடத்தில் மாட்டிக்கிட்டே?" என்று கேட்டுப் பாருங்கள்.

என் கணக்கில் முன்கூட்டியே எழுதிய ஒரு வரிக்குத்தான் முதலிடம். டைமர் அதற்குள் அடங்கிவிடும்: "ராத்திரி சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் டைமரை அழுத்துவேன்." பயம் இருக்கும் இடத்தில் மட்டும் ஆள்.

இவை எதுவும் பொருந்தாத நிலையும் உண்டு. பட்டா, படிப்பு மட்டுமல்லாமல் பிடித்த வேலைகூடக் கையில் ஓடவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போகிறது என்றால் அதைத் தள்ளிப்போடும் பழக்கம் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். உடனே போக முடியாவிட்டால் 14416க்கு அழையுங்கள். அது அரசின் டெலிமானஸ் இலவச எண், தமிழிலேயே பேசலாம்.