எண் 81: காசு கொடுத்து நான் வாங்கிய பொய்

இணையத்தில் பழைய பயண நினைவுப்பொருள்களை விலைக்கு வாங்கும் பழக்கம் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பீங்கான் வீட்டை வாங்கி நான் ஏமாந்தேன்.

நெதர்லாந்தின் விமான நிறுவனமான கே.எல்.எம்.-இன் விமானங்களில் கண்டம் விட்டுக் கண்டம் போகும் உயர் வகுப்புப் பயணிகளுக்கு ஒரு வழக்கமான பரிசு உண்டு. பயணம் முடியும் நேரத்தில் பணிப்பெண் ஒரு தட்டு நிறைய நீலமும் வெள்ளையுமான குட்டி வீடுகளை ஏந்திவருவார். ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் நெதர்லாந்து தொடர்பான ஏதோ ஓர் உண்மையான கட்டடத்தின் சிற்றுரு. உள்ளே ஜெனிவர் என்ற டச்சு மது இருக்கும். 1952-இல் தொடங்கிய வழக்கம் இது. பயணிகளுக்கு விலையுயர்ந்த பரிசு தரக்கூடாது என்ற கட்டுப்பாடு விமான நிறுவனங்களுக்கு இருந்த காலம் அது. போட்டியாளர்கள் முறையிட்டபோது, ‘நாங்கள் மதுதானே தருகிறோம், அதைக் கண்ணாடிக் குவளையில்தான் தர வேண்டுமா?’ என்று கேட்டுத் தப்பித்தார்களாம்.

என் அண்ணனிடம் இப்படி ஒரு வீடு இருந்தது. 2000-ஆம் ஆண்டு இறுதியில், மகள் பிறந்த செய்தி கேட்டு அலுவலகப் பயணத்திலிருந்து ஓடிவந்தபோது விமானத்தில் கிடைத்தது. அடியில் 81 என்ற எண். பல ஆண்டுகள் அலமாரியில் இருந்த அந்த வீடு, குடிமாறும்போது அட்டைப்பெட்டிக்குள்ளேயே தூள்தூளாகிவிட்டது. அண்ணன் அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை, ஆனால் அந்த எண்ணை மட்டும் மறக்கவில்லை. மகளின் திருமணம் நெருங்கியபோது, அதே எண் கொண்ட வீட்டைத் தேடிப் பிடித்து அவரை வியக்க வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

தேடியவுடன் நான்கைந்து கிடைத்தன. மலிவானவற்றை விட்டுவிட்டு, அவற்றைப்போல் மூன்று மடங்கு விலை சொன்ன ஒருவரிடம் வாங்கினேன். காரணம், பொருளுக்குக் கீழே அவர் எழுதியிருந்த கதை. இறந்துபோன தன் தந்தை 1985-இல் மேற்கொண்ட கடைசி வெளிநாட்டுப் பயணத்தில் இந்த வீட்டைப் பெற்றார் என்றும், அம்மா அதைத் தினமும் துடைத்துவைத்தார் என்றும், இப்போது பிரிய மனமில்லாமல் பிரிவதாகவும் எழுதியிருந்தார். ‘முத்திரை உடைக்காதது, சேதமில்லாதது’ என்றும் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. விலை பேசக்கூட மனம் வரவில்லை. ஒரு தந்தையின் நினைவு இன்னொரு தந்தையிடம் போகிறது என்று எனக்கு நானே வசனம் வேறு எழுதிக்கொண்டேன்.

பார்சலைப் பிரித்து அண்ணன் கையில் கொடுத்து, அந்தக் கதையை உருக்கமாக வாசித்துக் காட்டினேன். அவர் வீட்டைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“1985-ஆ?”

“ஆமாம் அண்ணா.”

“எனக்குக் கிடைத்தபோது இது வெளிவந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. புதிது வேண்டும் என்று கேட்டு எடுத்தேன்.”

கணக்கு மிக எளியது. கே.எல்.எம். தொடங்கப்பட்டது 1919 அக்டோபர் 7. எழுபத்தைந்தாம் ஆண்டான 1994-இல் வீடுகளின் எண்ணிக்கையை 75-க்குக் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து ஆண்டுதோறும் அக்டோபர் 7 அன்று ஒரு புது வீடு வருகிறது. நிறுவனத்தின் வயதுதான் அதன் எண். ஆகவே 81 என்றால் 2000-ஆம் ஆண்டு. 1985-இல் அது எவர் கையிலும் இருந்திருக்க முடியாது. ஒரு கூட்டல் போட்டிருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். போடவில்லை.

பிறகு நிதானமாகப் பார்த்தோம். புகைபோக்கி ஒருமுறை உடைந்து பசை வைத்து ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டிய கோட்டின்மேல் வெள்ளை வண்ணம் தடவியிருந்தார்கள். தக்கைமேல் முத்திரை இல்லை. உள்ளே மதுவும் இல்லை. மது இல்லாததை மட்டும் நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். தக்கை வழியாக அது நாளடைவில் ஆவியாகிவிடுவது உண்டு. மதுத் தடை உள்ள நாடுகளுக்குப் போகும் விமானங்களில் வெற்று வீடுகளையே தருவதும் உண்டு. அஞ்சலில் மது அனுப்பத் தடை இருப்பதால் சிலர் வடித்துவிட்டு அனுப்புவார்கள், அதுவும் நியாயம்தான். ஆனால் ‘முத்திரை உடைக்காதது’ என்று எழுதிய கைதானே இதையும் பொதிந்து அனுப்பியிருக்கிறது?

விற்றவருக்கு எழுதினேன். ‘நீங்கள் 81 கேட்டீர்கள், 81 அனுப்பினேன்’ என்று பதில் வந்தது. தந்தையைப் பற்றிக் கேட்டதற்கு, ‘அது விவரணை மட்டுமே’ என்றார். விவரணையாம்! அந்த விவரணைக்குத்தானே நான் இரண்டு மடங்கு கூடுதலாகக் கொடுத்தேன்? சந்தைத் தளத்தில் முறையிட்டபோது, பொருளின் பெயரும் எண்ணும் பொருந்துவதால் ஒட்டுப்போட்ட சேதத்துக்கு மட்டும் ஆதாரம் கேட்டார்கள். நான் பார்சலைப் பிரிக்கும்போது காணொளி எடுக்கவில்லை. அவருடைய விற்பனைப் பக்கத்தைப் படமெடுத்தும் வைக்கவில்லை. இதற்குள் அவர் அந்தக் கதையை நீக்கிவிட்டார். பணம் திரும்பவில்லை.

அன்றிரவு தூக்கம் வராமல் அவருடைய மற்ற விற்பனைகளை எல்லாம் படித்தேன். தந்தை ஆறு பொருள்களில் இறந்திருந்தார். ஒரு கண்மறைப்புத் துணியைக்கூட அம்மா தினமும் துடைத்துவைத்திருந்தார்.

இலவசமாகக் கிடைத்ததை விற்பதே தவறு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தட்டில் ஏந்திவந்து கொடுத்த பிறகு அந்த வீடு பயணியின் சொத்து. அவர் அலமாரியில் வைக்கலாம், விற்கலாம், குழந்தைக்கு விளையாடக் கொடுக்கலாம். உண்மையில் அது இலவசமும் இல்லை, டிக்கெட் விலையில் அடக்கம். (அலுவலகம் டிக்கெட் எடுத்திருந்தால் வீடு யாருடையது என்று அண்ணனிடம் கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.) இப்படி விற்பவர்கள் இல்லையென்றால், உடைந்துபோன ஒன்றை யாரும் எந்நாளும் மீட்கவே முடியாது. இன்று தேவைப்பட்டாலும் நான் ஒருவரிடம் வாங்கத்தான் செய்வேன்.

ஆனால் அந்த ஆளின் பட்டியலில் வேறு சிலவும் இருந்தன. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் சிறுவர்கள் செயல்பாட்டுப் புத்தகத்தை நிரப்பி உறுதிமொழி எடுத்துப் பெறும் ஜூனியர் ரேஞ்சர் பேட்ஜ்கள், ஒரே மாதிரி பன்னிரண்டு. ஒரு பிள்ளைக்கு ஒன்று என்று வைத்த இடத்தில் கை நிறைய அள்ளினால்தான் பன்னிரண்டு சேரும். ஸ்பெயினின் சாந்தியாகோவுக்கு நடந்துபோகிறவர்கள் வழிநெடுகச் சேர்க்கும் முத்திரைகள் நிறைந்த யாத்திரை ஏடும் இருந்தது. குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்ததை அந்த ஏட்டைக் காட்டி மெய்ப்பித்தால் இலவசமாகச் சான்றிதழ் தருவார்கள். நடந்தவருக்கு அது பொக்கிஷம். நடக்காத ஒருவர் அதை வாங்கி எதற்குப் பயன்படுத்துவார்? போதாக்குறைக்கு, ‘சார்டீனியக் கடற்கரை மணல்’ என்று ஒரு குப்பி. அந்தத் தீவில் மணலும் கூழாங்கல்லும் சிப்பியும் எடுத்துச் செல்வதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம். அதை யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை, எடுத்திருக்கிறார்கள். வாங்குகிறவர் அதன்பின் திருட்டுப் பொருளைத்தான் அலமாரியில் வைத்திருப்பார்.

இனி நான் என்ன செய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறேன். பக்கத்தில் அன்றைய தேதியை ஒரு தாளில் எழுதிவைத்து எடுக்கச் சொல்கிறேன். இரவல் படம் போடுபவர்கள் அத்தோடு மறைந்துவிடுவார்கள். கதை சொன்னால் எந்த ஆண்டு, எந்தப் பயணம் என்று கேட்டு, எண்ணோடு 1919-ஐக் கூட்டிப் பார்க்கிறேன். 75-க்கு உட்பட்ட எண்களுக்கு இந்தக் கணக்கு ஓடாது, அவற்றின் ஆண்டைத் தனியே தேட வேண்டும். பணம் கட்டுமுன் முழுப் பக்கத்தையும் படமெடுத்து வைக்கிறேன். பார்சலைக் கேமராவுக்கு முன்னால்தான் பிரிக்கிறேன். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பச் சொன்னால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்கிறேன்.

ஒட்டுப்போட்ட வீட்டை அண்ணன் திருப்பித் தரவில்லை. மகளின் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். கேட்பவர்களிடம், “தம்பி வாங்கிக் கொடுத்தது, 1985-ஆம் ஆண்டுப் பொருள்” என்று முகம் மாறாமல் சொல்கிறார்.

நேற்று அந்த விற்பனையாளரின் பக்கத்தைத் திறந்தேன். எண் 91 போட்டிருக்கிறார். தந்தைக்கு அது 1979-இல் கிடைத்ததாம். 91 வந்தது 2010-இல்.