தேத்தண்ணியா, கோப்பியா?

திருகோணமலை உவர்மலையில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இரவானால் கோப்பிக்குத் தாவுகிறார்கள். என் ஓட்டு பால் சேர்க்காத தேத்தண்ணிக்கு, அதாவது பிளேன்ரீக்கு.

இரண்டிலும் வேலை செய்வது கஃபீன்தான். களைப்பைச் சொல்லும் அடினோசினை மூளையில் ஒட்டவிடாமல் தடுக்கிறது. களைப்பு போகாது, தெரியாது, அவ்வளவுதான். ஒரு கோப்பை கோப்பியில் சுமார் 95 மில்லிகிராம் இருக்கும். தேத்தண்ணியில் ஏறக்குறைய பாதி. கோப்பி சட்டென்று உசுப்பும். கூடினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். தேயிலையில் தியானின் என்ற அமினோ அமிலமும் உண்டு. கஃபீனோடு சேர்ந்தால் அது கவனத்தை ஒருநிலைப்படுத்த உதவுகிறது என்கிறார்கள்.

சரி, நினைவாற்றல்? அங்கே இரண்டுமே பெரிதாகக் கைகொடுக்காது. படித்தது ஊன்றிப் பதிவது தூக்கத்தில். உள்ளே போன கஃபீன் பாதியாகவே சுமார் 5 மணி நேரம் பிடிக்கும். பத்து மணிக்குக் கோப்பி குடித்தவர் மூன்று மணிக்கும் புரண்டுகொண்டிருப்பார். இரவில் சூடாக ஏதாவது வேண்டுமென்றால் கொத்தமல்லி அவித்துக் குடிக்கலாம்; அதில் கஃபீன் இல்லை.