கைனசினா, டைனீனா: திசைக்கு அப்பாலுள்ள வேறுபாடு

கொழும்பில் உயர்தர உயிரியலைத் தமிழில் படிக்கும் மாணவரின் கொப்பியில், குழியவன்கூட்டின் (கலத்தின் உட்சட்டகத்தின்) இழைகள்மீது நடந்து சுமை காவும் மோட்டார் புரதங்கள் பெரும்பாலும் இரண்டு அம்புக்குறிகளோடு முடிந்துவிடுகின்றன. கைனசின் சுமையைக் கலத்தின் மையத்திலிருந்து வெளியே கொண்டுசெல்லும். டைனீன் வெளியிலிருந்து மையத்துக்குக் கொண்டுவரும். பரீட்சைக்கு அது போதும். ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அவற்றுக்கிடையே திசை என்பது மிகச் சிறிய வேறுபாடு என்றே எனக்குத் தோன்றுகிறது. அக்ரின் இழைகளில் இயங்கும் மயோசின் வேறு பாதையைச் சேர்ந்தது என்பதால் அதை இங்கே விட்டுவிடலாம்.

இரண்டுக்கும் பாதை ஒன்றே: பொதுவாக 13 புரத இழைகள் சேர்ந்து உருவாகும், 25 நனோமீற்றர் விட்டமுள்ள நுண்புன்குழாய். கணவாயின் தடித்த நரம்பிலிருந்து 1985இல் வேல், ரீஸ், ஷீட்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்த கைனசின், இப்பாதையில் மிக ஒழுங்காக நடக்கிறது. கலத்தின் எரிபொருளான ஏ.ரீ.பி.யின் ஒரு மூலக்கூறு செலவானால் ஓர் அடி; ஓர் அடிக்கு 8 நனோமீற்றர். பாதையைப் பற்றும் அதன் இரண்டு தலைகளில் பின்னால் நிற்பது 16 நனோமீற்றர் தாவி முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும்வரை மற்றத் தலை பிடியை விடுவதில்லை. இவ்வாறு செக்கனுக்கு ஏறக்குறைய நூறு அடிகள் வைத்து, ஒரு மைக்கிரோமீற்றரளவு தூரம் சென்றதும் அது பாதையிலிருந்து கழன்றுவிடுகிறது. நரம்புக் கலத்தின் நீண்ட நாரான நரம்புமுளை ஒரு மீற்றர் நீளமாக இருந்தால், அதை இந்த வேகத்தில் இடைவிடாமல் கடப்பதற்கே இரண்டு வாரம் செல்லும் என்பதால், ஒரு சுமையைப் பல கைனசின்கள் பிடித்திருப்பது வசதிக்காக அன்று, தேவைக்காகவே.

டைனீன் வேறு வகையான இயந்திரம். கலத்தின் மேற்பரப்பில் அசையும் மயிர்போன்ற பிசிர்களில் அதை முதலில் கண்டறிந்தவர் ஆய்வாளர் கிபன்ஸ். பெயர் 1965இல் வந்தது. கைனசினின் தலை ஏறத்தாழ 350 அமினோ அமிலங்களால் ஆனது. மனித டைனீனில் மோட்டாராக இயங்கும் பாரச் சங்கிலி என்ற பகுதியிலோ 4,600க்கும் மேற்பட்டவை உள்ளன. மனிதரில் 45 கைனசின் மரபணுக்கள் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மையம் நோக்கிய சுமையில் பெரும்பகுதியை ஒரே வகை டைனீன் இழுக்கிறது. அதன் நடையில் ஒழுங்கைத் தேடக்கூடாது. அடியின் நீளம் மாறும், சிலவேளை பின்னோக்கி வைக்கும், பக்கத்து இழைக்கும் தாவும். கைனசின் ஒரே இழையைப் பற்றிக்கொண்டு செல்ல, டைனீன் காலி வீதி நெரிசலில் முச்சக்கரவண்டி புகுந்து செல்வதுபோல் செல்கிறது. நுண்புன்குழாயில் ஒட்டியிருக்கும் டோ என்ற புரதம் குறுக்கிடும்போது கைனசின் பெரும்பாலும் கழன்றுவிடுகிறது. டைனீனோ திரும்பிச் செல்லவும் கூடும். வெறும் பாதையில் வேகத்தையும் நம்பகத்தன்மையையும் பார்த்தால் என் தெரிவு கைனசின். தடைகள் நிறைந்த உண்மையான கலத்தில் டைனீன்.

ஆனால் டைனீனுக்கு ஒரு குறையுண்டு. பாலூட்டிகளின் டைனீன் தனித்து நெடுந்தூரம் நடப்பதில்லை. டைனாக்ரின் என்னும் துணைப் புரதத் தொகுதியும் சுமையோடு இணைக்கும் ஓர் இசைவாக்கிப் புரதமும் சேர்ந்தால்தான் அது தொடர்ந்து ஓடும் என்பது 2014இல் தெளிவாகியது. தனியே ஒரு பிக்கோநியூட்டன் (விசையின் மிகச் சிறிய அலகு) அளவே இழுக்கும் அதற்கு எதிரே, கைனசினின் இழுவிசை ஐந்து முதல் ஏழு வரை.

இந்த உள்நோக்கிய பாதையைத் தவறாகப் பயன்படுத்தும் வைரஸ்களில் விசர்நாய்க்கடி வைரஸ் நமக்கு மிகவும் பழகியது. சந்தேகத்துக்குரிய நாயின் தலையைப் பரிசோதிக்கும் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் தேடுவது, கடிபட்டவரின் நரம்புமுளை வழியே மையம் நோக்கிய போக்குவரத்தில் ஏறி மூளையை அடையக்கூடிய அதே வைரஸைத்தான். முகத்தில் கடிபட்டவருக்குக் காலில் கடிபட்டவரைவிட நோய் விரைவாக வெளிப்படக்கூடும் என்பதற்கு இப்பயணத் தூரமும் ஒரு காரணம்.

இவ்விரண்டையும் போட்டியாளர்கள் என்று சொல்வதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. ஒரே சுமையில் இரண்டும் சேர்ந்திருக்கையில் ஒன்றை முடக்கினால் எதிர்த்திசை ஓட்டம் விரைவுபடும் என்றுதானே எதிர்பார்ப்போம்? பல பரிசோதனைகளில் அதுவும் தளர்ந்தோ நின்றோ போயிருக்கிறது.

திசையைச் சிறிய வேறுபாடு என்றதற்கு வலுவான சான்று தாவரங்களில் உள்ளது. பூக்கும் தாவரங்களில் டைனீனின் பாரச் சங்கிலி இல்லை. நம் முற்றத்துத் தென்னையின் கலங்களிலும் நுண்புன்குழாயின் மறைமுனை (டைனீன் செல்லும் முனை) நோக்கிய ஓட்டம் நடக்கத்தான் செய்கிறது. அதைச் செய்வது, மாணவர் கொப்பியின் அம்புக்குறிக்கு எதிர்த்திசையில் நடக்கும் கைனசின்-14 குடும்பம்.