ஆர்-32 இன்வெர்ட்டர் ஏசி: பெட்டி நல்லது, மாட்டுகிற கைக்குத்தான் பணிவு வேண்டும்

பூமி சூடாவதற்குப் புதுக் கருவி தீர்வா, மனிதனின் பணிவு தீர்வா என்ற வழக்கை இந்த ஒரு பெட்டியை வைத்தே பேசலாம். எங்கள் கணிப்பில் பணிவு முந்த வேண்டும்.

1930இல் ஆர்-12 என்ற குளிரூட்டும் வாயு வந்தபோது தீப்பிடிக்காது, நச்சில்லை என்று கொண்டாடினார்கள். அது ஓசோனைத் தின்னும் என்று 1974இல் வேதியியலாளர்கள் மோலினாவும் ரோலண்டும் எச்சரித்தார்கள். நாடுகள் தவறை ஏற்று, 1987இல் மாண்ட்ரியலில் ஓசோனைக் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பின்னாளில் வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் ஒரு கிலோ கசிந்தால், பூமியைச் சூடாக்குவதில் 2088 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். இந்த ஏசியில் இருக்கும் ஆர்-32 வாயுவுக்கு அது 675. நல்ல முன்னேற்றம், ஆனாலும் சும்மா விடக்கூடிய அளவல்ல: 800 கிராம் கசிந்தாலே 540 கிலோ.

இயந்திரத்தில் குறை சொல்ல அதிகமில்லை. அறை குளிர்ந்ததும் கம்ப்ரஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, மின்சாரம் மிச்சம். கோளாறெல்லாம் மாட்டும்போதுதான். செம்புக் குழாயின் வாயை விரிக்கும் முன் உள்விளிம்பின் பிசிரைச் சுரண்டி எடுக்க வேண்டும், துகள் உள்ளே விழாதபடி குழாயைக் கவிழ்த்துப் பிடித்து. பிசிர் இருந்தால் அந்த இடத்தில்தான் கசியும். பிறகு குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சும் வேக்யூம் பம்ப்பை ஓட்டி, உள்ளழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே இறக்கி, வால்வை மூடி, பத்து நிமிடம் அளவு ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அவசரக்காரர்கள் கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளுவார்கள். ஈரம் உள்ளேயே தங்கும், எண்ணெய் அமிலமாகும், கம்ப்ரஸரின் கம்பிச்சுருள் கருகும். விடாதீர்கள், பம்ப் இல்லாமல் வந்தவரைத் திருப்பி அனுப்புங்கள்.

வருடா வருடம் கேஸ் ஏற்றுவதும் தப்பு. கேஸ் செலவாகிற பொருளல்ல, குறைந்தால் கசிவு. நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து, சோப்பு நுரை தடவிப் பார்த்து, அடைத்த பிறகே ஏற்ற வேண்டும்.

எத்தனை டன் ஏசி வேண்டும் என்று கணக்குப் போடும் முன் சன்னலுக்கு வெளிப்பக்கம் நிழல் கொடுங்கள். உள்ளே தொங்கும் திரை, கண்ணாடி தாண்டி வந்துவிட்ட வெயிலைத்தான் தடுக்கும். தேவைக்கு மேல் பெரிய ஏசி அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், ஈரப்பதம் இறங்காது, அறை சில்லென்று இருந்தும் பிசுபிசுக்கும். 26 டிகிரியில் வைத்து ஃபேனையும் சுழலவிட்டால் பெரும்பாலோருக்குப் போதும்.

இடம் மாற்றும்போது கேஸைத் திறந்துவிடாமல், வெளிப்பெட்டிக்குள் இழுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். ஏசி ஓடும்போதே திரவ வால்வை மூடி, அழுத்தம் பூஜ்யத்தை நெருங்கும்போதே மறு வால்வையும் மூடி, உடனே நிறுத்த வேண்டும். அந்நேரம் குழாயில் கசிவிருந்து காற்று உள்ளே போனால் கம்ப்ரஸர் வெடிக்கக்கூடும்.