சூடே ஆகாமல் கக்கிய கூலன்ட்: டிராக் ரேஸ் ஓட்டும் என் டீசல் பிக்கப், ஆறு வருடக் கணக்கு

இந்த ஆறு வருடத்தில் என் வண்டியின் டெம்பரேச்சர் முள் ஒருமுறைகூடச் சிவப்புக் கோட்டைத் தொட்டதில்லை. அப்படியிருந்தும் மூன்று தடவை கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர், வெளியே போயிருக்கிறது. "ஓவர்ஹீட் ஆச்சா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆகவில்லை. அதனால்தான் எனக்கே விஷயம் புரிய இவ்வளவு நாள் பிடித்தது.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம். 1990களின் கடைசியில் வந்த அமெரிக்க டீசல் பிக்கப், வரிசையாக ஆறு சிலிண்டர், டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். 2018ல் ஹூஸ்டனில் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். பெரிய இன்ஜெக்டர், பெரிய டர்போ, டீசல் பம்ப்பில் இன்ஜின் வேகத்துக்கு எல்லை வைக்கும் கவர்னருக்குக் கெட்டியான ஸ்பிரிங் எல்லாம் நானே போட்டது. சக்கரத்தில் சுமார் 650 குதிரைத்திறன். மூன்று டன்னுக்கு மேல் எடையுள்ள இந்த யானை, கால் மைலை, அதாவது 402 மீட்டரை, நல்ல நாளில் 12.9 விநாடியில் ஓடியிருக்கிறது. கம்பெனிப் பெயரை எழுதப்போவதில்லை. அவர்கள் சாமான் இழுக்கச் செய்து கொடுத்த இன்ஜினை நான் ரேஸில் நிறுத்தினால் அது அவர்கள் குற்றமா?

முதல் சம்பவம் 2019ல், பேடவுனில் அப்போது இருந்த ஹூஸ்டன் ரேஸ்வே பார்க்கில். (2023ல் அதை மூடிவிட்டார்கள், இன்னும் மனசு ஆறவில்லை.) பாதி தூரம் தாண்டியதும் கண்ணாடியில் வெள்ளைப் புகை மாதிரி ஏதோ தெரிந்தது. கேஜில் 180 ஃபாரன்ஹீட், அதாவது 82 செல்சியஸ். எல்லாம் சரி என்று மிதித்தபடியே போனேன். திரும்பி வந்து குனிந்து பார்த்தால் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து தண்ணீர் சொட்டவில்லை, ஊற்றுகிறது. நான் ஓடிய லேனை மூடிவிட்டுப் பையன்கள் துடைக்க ஆரம்பித்தார்கள். பின்னால் வரிசையில் நின்றவர்களின் பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. கூலன்ட்டில் இருக்கும் கிளைக்கால் (glycol, தண்ணீர் உறையாமல் காக்கும் ரசாயனம்) வழுவழுவென்று ஒட்டிக்கொண்டு லேசில் காயாது. அதனால்தான் பல டிராக்குகளில் வெறும் தண்ணீர்தான் ஊற்றச் சொல்வார்கள்.

பிடுங்கிக்கொண்டு போனது இன்ஜின் பிளாக்கின் பின்பக்கத்து பிளக். இங்கே ஃப்ரீஸ் பிளக் என்பார்கள், நம் ஊர்ப் பட்டறையில் வெல்ச் பிளக். பெயரைக் கேட்டால் தண்ணீர் உறையும்போது காப்பாற்ற வைத்தது போலத் தோன்றும். உண்மையில் பிளாக்கை வார்க்கும்போது உள்ளே இருக்கும் மணலை வெளியே எடுக்க விட்ட ஓட்டையை மூடும் தகர மூடிதான் அது. ஒரு டாலர் சாமான். ஆனால் அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். இரண்டு சனி, ஞாயிறு போயிற்று.

ஏன் பிடுங்கிக்கொண்டது? வாட்டர் பம்ப் இன்ஜின் வேகத்தோடு சுற்றுகிறது. பம்ப் தள்ளும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏறும். கம்பெனியில் கவர்னர் நிறுத்துவது 3,200 ஆர்பிஎம் பக்கம். ஸ்பிரிங் மாற்றியபின் நான் 4,400 வரை சுற்றினேன். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 1.9 மடங்கு. பம்ப் பின்னால் தள்ளுகிறது, முன்னால் தெர்மோஸ்டாட் (சூடானால்தான் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) பாதி மூடிக் கிடக்கிறது, நடுவில் மாட்டிய தண்ணீர் எங்கே போகும்? ரேடியேட்டர் மூடி அழுத்தம் 16 பிஎஸ்ஐ ஆனதும் திறக்குமே என்று நினைத்திருந்தேன். மூடி இருப்பது ரேடியேட்டர் பக்கம். பிளாக்குக்குள் தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியவே தெரியாது.

இதில் வேடிக்கை, டைம் நன்றாக வரட்டும் என்று ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் பானெட்டைத் திறந்து ஃபேன் வைத்து இன்ஜினை நான்தான் குளிரவைத்தேன். குளிர்ந்த இன்ஜினில் தெர்மோஸ்டாட் திறக்காது. அப்படி மூடிய தெர்மோஸ்டாட்டோடு 4,400க்கு மிதித்திருக்கிறேன். 13 விநாடி ஓட்டத்தில் இருபது லிட்டருக்கு மேல் இருக்கும் தண்ணீர் பெரிதாகச் சூடாவதற்குள் கோடு தாண்டிவிடும். சூடு ஏறுவதெல்லாம் திரும்பி வரும் பாதையில்தான்.

நாமக்கல்லில் லாரி வைத்திருந்த சித்தப்பாவிடம் போனில் புலம்பினேன்.

"தெர்மோஸ்டாட்டக் கழட்டி வீசிப்போடு கண்ணு. நம்ம லாரில அதெல்லாம் வெக்கறதே இல்ல."

"இல்லீங் சித்தப்பா, டிசம்பர்ல இங்க இன்ஜின் சூடே ஏறாதுங்க. தினமும் வேலைக்கும் இதுலதான் போறேன்."

"ரெண்டுக்கும் ஒரே வண்டின்னா அப்பறம் வெனைதான்."

பாதி அவர் சொன்னதையே செய்தேன். தெர்மோஸ்டாட் வளையத்தில் மூன்று மில்லிமீட்டரில் இரண்டு ஓட்டை போட்டேன். அதைவிட உபயோகமானது பைபாஸ் கிட். பிளாக்கின் பின்பக்கம் சேரும் அழுத்தத்தை ஹோஸ் வழியாக தெர்மோஸ்டாட்டுக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் விடுகிறது. கூடவே 60 பிஎஸ்ஐ வரை காட்டும் ஒரு பிரஷர் கேஜ், பிளாக்கிலிருந்தே லைன் எடுத்து. பைபாஸுக்கு முன் முழு வேகத்தில் முள் 45ஐத் தாண்டியது. அதை மாட்டியபின் 25 பக்கம் நின்றுவிடுகிறது. இந்த ஆறு வருடத்தில் நான் வாங்கியவற்றில் உருப்படியானது எது என்று கேட்டால் இந்தக் கேஜைத்தான் காட்டுவேன்.

இரண்டாவது சம்பவம் முழுக்க என் சோம்பேறித்தனம். ரேஸுக்காகக் காய்ச்சி வடித்த தண்ணீரும் துருத் தடுப்பு மருந்தும் மட்டும் ஊற்றி வைத்திருந்தேன். 2021 பிப்ரவரியில் டெக்சாஸே உறைந்தது, ஹூஸ்டனில் மைனஸ் 10 செல்சியஸ். வீட்டில் கரன்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, வண்டி ஞாபகமே வரவில்லை. பனி இறங்கியபின் பார்த்தால் ரேடியேட்டர் தொட்டியில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். பிளாக் தப்பியது அதிர்ஷ்டம். இப்போது நவம்பர் பிறந்தால் பாதிக்குப் பாதி கிளைக்கால் உள்ளே போய்விடும், அது மைனஸ் 37 வரை தாங்கும். வடிக்கும்போது தட்டு வையுங்கள். இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கும், நக்கினால் செத்துப்போகும்.

மூன்றாவதுதான் பணத்தைத் தின்றது. 2022ல் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் ஓவர்ஃப்ளோ டப்பாவில் கால் லிட்டர், அரை லிட்டர் என்று தண்ணீர். சொட்டு எங்கும் இல்லை, எண்ணெயில் தண்ணீர் கலந்தால் வரும் பால் நிறம் இல்லை. மூடி கெட்டுவிட்டது என்று இரண்டு மூடி மாற்றினேன். ஒரு ஞாயிறு விடியற்காலை, ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் மேல் ஹோஸை அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. இன்ஜின் சில்லென்று இருக்கும்போது ஹோஸ் தொளதொளவென்று இருக்க வேண்டும். மூடியைத் திருகினால் சோடா பாட்டில் போல "புஸ்"ஸென்று சத்தம்.

சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் போகிறது. சோதனைக் குழாயில் நீல மருந்து நிறம் மாறி அதை உறுதிப்படுத்தியது. பூஸ்ட், அதாவது டர்போ திணிக்கும் காற்றழுத்தம், அதிகம் என்று டர்போவைத் திட்டினேன். முக்கியக் குற்றவாளி நான் முன்னுக்குத் தள்ளிய டீசல் பம்ப் டைமிங், அதாவது டீசல் பீய்ச்சும் நேரம். டீசல் சீக்கிரம் எரிந்தால் பிஸ்டன் மேலே வந்து முட்டும் நேரத்தில் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். போல்ட் இழுபட்டு, பிளாக்கின் மேல் மூடியான ஹெட் ஒரு மயிரிழை தூக்கிக்கொடுக்கும், வாயு புகும், மறுபடி உட்கார்ந்துவிடும். வீதியில் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது.

போல்ட்டுக்குப் பதில் ஸ்டட், ஹெட்டில் ஃபயர் ரிங்குக்கு (வாயு கசியாமல் சிலிண்டரைச் சுற்றி அடைக்கும் உலோக வளையம்) பள்ளம் வெட்டியது, புது கேஸ்கெட், டைமிங்கைச் சில டிகிரி பின்னுக்கு இழுத்தது. நேரம் 12.9லிருந்து 13.1 ஆனது. முதல் மாதம் வருத்தமாக இருந்தது. அதன்பின் இரண்டு சீசன், டப்பாவில் ஒரு சொட்டு இல்லை.

குறை இல்லாமல் இல்லை. ஓட்டை போட்ட தெர்மோஸ்டாட்டால் ஜனவரியில் ஹீட்டர் ஆபீஸ் வந்தபின்தான் சூடாகிறது. அழகுக்காகப் போட்ட நீல சிலிக்கான் ஹோஸ் குளிரில் கிளாம்ப் ஓரம் கசிகிறது. ரப்பர் ஹோஸ் இப்படி ஒருநாளும் படுத்தியதில்லை. ஸ்பிரிங் வைத்து இறுக்கம் தானாகச் சரிசெய்யும் கிளாம்ப் நான்கு வாங்கி மாட்டினேன், மூன்று நின்றுவிட்டது. ரேடியேட்டருக்குக் கீழே இருக்கும் நாலாவதில் இன்று காலையும் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.